கற்கண்டும் சிறுதீயும்: வீட்டு அடுப்பில் சீனப் பன்றிக்கறி

சீனர்கள் வீட்டில் சமைக்கும் பன்றிக்கறியில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதாக இருந்தால் ஹொங் ஷாவ் ரோவைத்தான் சொல்வேன். பன்றியின் வயிற்றுப் பகுதியைத் தோலோடு துண்டு போட்டு, கற்கண்டு, சோயா சாஸ், அரிசி மது சேர்த்துச் சிறுதீயில் வேகவைத்து, குழம்பு பளபளவென்று கறியில் ஒட்டும்வரை சுண்டவைப்பது. ஷாங்காய்ப் பக்கம் இனிப்பு தூக்கலாக இருக்கும். ஹூனானில் காய்ந்த மிளகாய் சேரும். சிங்கப்பூரின் ஹொக்கியன் சீனர் வீடுகளில் இதற்கு நெருங்கிய உறவான டாவ் யூ பாக் உண்டு. சில மாதங்களாக வார இறுதிகளில் இதையும், கூடவே இன்னும் இரண்டு கறிகளையும் எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு அடுப்பில் செய்துவருகிறேன்.

கீழே இறங்கினால் உணவங்காடியில் எல்லாம் கிடைக்கும் ஊரில் இதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? மசாலா இல்லாமல் கறிக்கு ருசி எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் பன்றிக்கறி என்றால் மிளகும் தேங்காய்ப்பல்லும் போட்ட வறுவல்தான். நல்ல வறுவல், குறையே சொல்ல முடியாது. ஆனால் அதில் கறியின் வாசனையை மசாலா மூடிவிடும். இங்கே மூட எதுவும் கிடையாது. கறி பழசாக இருந்தாலும், நுரையைச் சரியாக எடுக்காவிட்டாலும், தீ கூடிப்போனாலும் தட்டில் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேலையும் எதற்காக என்று தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தும் போயிற்று.

கறி வாங்குவது

ஈரச்சந்தையில் பன்றிக்கறிக் கடை ஆன்ட்டியிடம் 'சாம் சான் பாக்' என்றால் போதும், வயிற்றுப் பகுதியை எடுத்துப் போடுவார். ஆனால் வயிற்றுப் பகுதி முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. விலா எலும்பை ஒட்டிய பக்கத்தில் தோல், கொழுப்பு, கறி, மறுபடி கொழுப்பு, மறுபடி கறி என்று அடுக்குகள் வரிசையாகவும் தடிமனாகவும் இருக்கும். பின்னங்காலை நோக்கிப் போகப் போக மெலிந்து, அடுக்கு கலைந்து, தொளதொளவென்று ஆகிவிடும். அந்த முனையை நெடுநேரம் வேகவைத்தால் துண்டு நிற்காது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டால் நல்ல கடைக்காரர் சரியான இடத்தில் கத்தியை வைப்பார். நான் வாங்கும் கடையில் ஆன்ட்டியே கேட்டுவிடுவார்: சாஸில் வேகவைக்கவா, ஓவனில் சுடவா?

கொழுப்பும் கறியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும் துண்டுதான் வேண்டும். கொழுப்பைக் கண்டு பயந்து மெலிந்த துண்டை எடுத்தால் கடைசியில் நார் நாராக வாயில் நிற்கும். கொழுப்பு வெள்ளையாக, அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். கறி இளஞ்சிவப்பு. ஒருமுறை முகர்ந்து பாருங்கள். காயடிக்காத ஆண் பன்றியின் கறிக்கு மூத்திர வாடை போல ஒன்று இருக்கும். அது கொழுப்பில் தங்கியிருப்பது, எத்தனை இஞ்சி போட்டாலும் போகாது. அப்படி வாடை அடித்தால் வேறு துண்டு கேட்பதைத் தவிர வழியில்லை.

தோல் கட்டாயம் வேண்டும். குழம்புக்குக் கெட்டி கொடுப்பதே தோல்தான். தோலில் இருக்கும் கொலாஜன் 70, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் நேரம் போகப்போக ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் கரைகிறது. சோள மாவு கரைத்து ஊற்ற வேண்டிய வேலையே வராது. தமிழ்நாட்டில் வெண்பன்றிக் கடைகளில் கேட்பதானால் 'வயிற்றுப் பகுதி, தோலோடு, வெட்டாமல் முழுத்துண்டாக' என்று முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வறுவலுக்கு வெட்டுவதுபோல் பொடிப்பொடியாகக் கையில் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் தோலை அடுப்புத் தீயில் காட்டி, மீதி இருக்கும் முடியைக் கருக்கி, கத்தியின் முதுகால் சுரண்டிக் கழுவிவிடுகிறேன். தோல் லேசாக மஞ்சளித்துச் சுருங்கும்வரை காட்டினால் போதும். இதைச் செய்த துண்டுக்கும் செய்யாத துண்டுக்கும் வாசனையில் நிச்சயம் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும் நண்பர்களில் முஸ்லிம்களும் உண்டு. அதனால் பன்றிக்கறிக்கென்று தனிச் சட்டி, தனிப் பலகை, தனிக் கரண்டி. இவை அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக இருக்கும், கழுவும் பஞ்சும் வேறு. பல இன, சமய மக்களும் கூடி வாழும் ஊரில் இதைச் செய்வதுதான் மரியாதை.

பாட்டில்கள்

இரண்டு சோயா சாஸ் வேண்டும். லைட் சோயா உப்புக்கு. டார்க் சோயா நிறத்துக்கு. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் கறி வெளுத்து உப்புக் கரிக்கும், அல்லது உப்பில்லாமல் கன்னங்கரேலென்று நிற்கும். சிங்கப்பூர், மலேசியாவில் விற்கும் டார்க் சோயா சீனாவில் விற்பதைவிடக் கெட்டி, இனிப்பும் கூட. அதை ஊற்றினால் கற்கண்டைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அரிசி மதுவில் ஷாவ்சிங் மதுதான் இதற்குப் பொருத்தம். ஜெஜியாங் மாநிலத்து ஷாவ்சிங் நகரின் பெயர் அது. பசை அரிசியைக் கோதுமையில் வளர்த்த நொதிக்கட்டியோடு புளிக்கவைத்து எடுப்பது, தேன் நிறத்தில் இருக்கும். சமையலுக்கென்று விற்கும் பாட்டில்கள் பலவற்றில் உப்பு சேர்த்திருப்பார்கள். முதலில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு லைட் சோயாவின் அளவை முடிவுசெய்ய வேண்டும். ஷாவ்சிங் கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத ஷெர்ரி நன்றாகவே ஈடுகொடுக்கும்.

இனிப்புக்குக் கற்கண்டு. நம் ஊர்க் கற்கண்டே போதும், சீனக் கடைகளில் விற்கும் மஞ்சள் கட்டியும் அதுதான். வெள்ளைச் சர்க்கரையில் செய்தாலும் கறி நன்றாக வரும், ஆனால் மினுமினுப்பு கற்கண்டில்தான் கூடுதல் என்பது என் கண்ணுக்குப் பட்டது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம் இரண்டும் வேண்டாம். அவற்றின் வாசனை மேலே வந்துவிடுகிறது.

மற்றவை இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ இரண்டு, சுண்டுவிரல் நீளப் பட்டை, இலை ஒன்று. கை இதோடு நிற்க வேண்டும். கிராம்பு, ஏலம், சோம்பு எதுவும் கிடையாது. அன்னாசிப்பூ மூன்று நாலு என்று ஏறினாலே பிரியாணி வாசனை வந்துவிடும், அப்புறம் அது வேறு சமையல்.

முதல் கொதி

நம் சமையலில் இல்லாத வேலை இது. கறியை முழுத்துண்டாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு, இரண்டு துண்டு இஞ்சி, கொஞ்சம் மது சேர்த்து, அடுப்பைப் பற்றவைத்து மெதுவாகக் கொதிக்கவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் உடனே இறுகிவிடும். பச்சைத் தண்ணீரிலிருந்து சூடேறினால் உள்ளே இருக்கும் இரத்தம் கலந்த புரதச் சாறு கசிந்து வெளியே வர நேரம் கிடைக்கிறது. அதுதான் சாம்பல் நிற நுரையாகத் திரண்டு மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வந்தபின் பத்து நிமிடம் போதும்.

துண்டு போட்டுவிட்டுக் கொதிக்கவைப்பதா, கொதிக்கவைத்துவிட்டுத் துண்டு போடுவதா என்பதில் இரு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழுசாகக் கொதித்த துண்டு இறுகி நிற்பதால் கத்தி நேராக இறங்குகிறது, நாலு பக்கமும் சதுரமாக வருகிறது. முன்பே வெட்டியவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்துகொண்டன. அதனால் எனக்குக் கொதித்தபின் வெட்டுவதுதான் சரி. மூன்றரை, நாலு சென்டிமீட்டர் சதுரம். வெந்து முடிக்கும்போது நன்றாகச் சுருங்கும், அதனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

கழுவுவது வெதுவெதுப்பான தண்ணீரில். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பதை விடக் கூடாது. அடுத்து எண்ணெயும் உருகிய சர்க்கரையும் வரப்போகின்றன. ஈரம் இருந்தால் கைமேல் தெறிக்கும்.

நிறமெடுப்பது

ஒரு கிலோ கறிக்கு 40 கிராம் கற்கண்டு. இடித்துப் பொடியாக்கிக்கொள்ள வேண்டும், கட்டியாக இருந்தால் ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் உருகாமல் கிடக்கும்.

முதலில் சீனச்சட்டியில் எண்ணெய் இல்லாமலே கறித்துண்டுகளைப் போட்டு நடுத்தரத் தீயில் புரட்டுகிறேன். கொழுப்பு தானாக உருகி வரும். எல்லாப் பக்கமும் லேசாகப் பொன்னிறமானதும் துண்டுகளை எடுத்துவிட்டு, உருகிய கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் சட்டியில் விட்டு மீதியை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிவைக்கிறேன். அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கொழுப்பில் கற்கண்டுப் பொடியைப் போட்டுச் சிறுதீ. பாகு காய்ச்சிப் பழகிய கை இதற்கு நன்றாக உதவும், ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால். பாகில் தண்ணீர் இருக்கிறது, கம்பிப் பதம் வரும்போது சூடு 110 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே தண்ணீரே இல்லை. சர்க்கரை உருகி, 160 டிகிரியைத் தாண்டி, தானே நிறம் மாற வேண்டும். முதலில் பொடி ஈர மணல்போல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கலங்கலாக உருகும். அப்புறம் பெரிய பெரிய குமிழிகள். அந்தக் குமிழிகள் சின்னதாகி, நிறம் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குத் திரும்பும் நேரம்தான் கறியைக் கொட்ட வேண்டிய நேரம். மஞ்சளிலேயே கொட்டினால் இனிப்பு மட்டும் வரும், நிறம் வராது. செம்பழுப்பைத் தாண்டினால் கசப்பு. நடுவில் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை. அதனால் கறித்தட்டும் மதுப் பாட்டிலும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போனை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன்.

கறியைப் போட்டுப் புரட்டினால் ஒவ்வொரு துண்டிலும் செம்பழுப்பு ஏறுவது கண்ணெதிரே தெரியும். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மகிழ்ச்சியாக இருக்கிறது. நாம் ஒரு சொட்டு சாஸ்கூட ஊற்றவில்லை, அதற்குள் கறி அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. ஹூனானில் பல வீடுகளில் டார்க் சோயாவே சேர்க்காமல் இந்தச் சர்க்கரை நிறத்தையே நம்பிச் செய்கிறார்கள். அப்படிச் செய்து பார்த்ததில் நிறம் கறுப்புப் பக்கம் போகாமல் செக்கச்செவேலென்று அழகாக நின்றது.

பிறகு இஞ்சி ஐந்தாறு துண்டு, மசாலாப் பொருட்கள், 100 மில்லி ஷாவ்சிங். மதுவைச் சட்டியின் ஓரத்தில் சுற்றி ஊற்றினால் சூட்டில் சாராய நெடி உடனே ஆவியாகி நல்ல மணம் மட்டும் தங்கும். லைட் சோயா மூன்று மேசைக்கரண்டி, டார்க் சோயா ஒன்று. கறி மூழ்கும் அளவுக்குக் கொதிக்கும் தண்ணீர். பச்சைத் தண்ணீர் வேண்டாம். எதிர்வீட்டு ஹொக்கியன் ஆன்ட்டி எத்தனையோ வருடமாக டாவ் யூ பாக் செய்கிறவர், அவர் எனக்கு முதலில் சொன்னதே இதுதான்: 'நடுவில் தண்ணீர் வற்றினாலும் கெட்டிலைத்தான் தூக்கணும், குழாயைத் திறக்கக் கூடாது. கறி விறைத்துக்கொள்ளும்.'

சிறுதீ

இந்த இடத்தில் சு தொங்போவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சொங் அரச காலத்துக் கவிஞர், அதிகாரி, பிறந்தது 1037, இறந்தது 1101. எழுதிய கவிதைகளுக்காகவே சிறைப்பட்டு, 1080இல் ஹுவாங்சோ என்ற ஊருக்குப் பதவி இறக்கி அனுப்பப்பட்டார். இன்றைய ஹூபே மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். கையில் காசு இல்லை, கிழக்குச் சரிவில் ஒரு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்தார். அந்தச் சரிவின் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார். அங்கே பன்றிக்கறி மண் விலைக்குக் கிடைக்கிறது, பணக்காரர்கள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள், ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று அவர் ஒரு சின்னப் பாடல் எழுதினார். செய்முறையும் அதிலேயே இருக்கிறது. சட்டியைக் கழுவு, தண்ணீர் கொஞ்சமாக வை, விறகு கொழுந்துவிடாமல் கனிந்துகொண்டிருக்கட்டும், அவசரப்படுத்தாதே, தானாக ஆகிவரும். சோயா சாஸ் பற்றியோ மது பற்றியோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. தீயைப் பற்றித்தான் முழுக்க. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கு வீவக வீட்டு கேஸ் அடுப்பில் சமைக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஹாங்சோவில் இப்போது தொங்போ ரோ என்று பரிமாறுவது அவர் பெயரில் வழங்குவதுதான். அவர் பிறகு அந்த ஊருக்கு ஆட்சியாளராகவும் போனார். பெரிய சதுரத் துண்டாக வெட்டி, வைக்கோலால் கட்டி, தண்ணீருக்குப் பதில் பெரும்பாலும் மதுவிலேயே வேகவைத்து, கடைசியில் ஆவியிலும் வைக்கிறார்கள். அதை ஒரு விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறுதீ ஏன் தேவை என்பதற்குக் காரணம் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே துண்டில் தோல், கொழுப்பு, கறி மூன்றும் இருக்கின்றன. தோல் மெத்தென்று ஆக நீண்ட நேரம் வேண்டும். கறியோ தளதளவென்று கொதித்தால் சாற்றை விட்டுவிட்டு இறுகிப்போகும். இரண்டுக்கும் ஒத்துவரும் தீ ஒன்றுதான்: மேல்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், ஓரத்தில் எங்கேயாவது ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அடுப்பின் சிம் அதற்கும் கூடுதல். அதனால் கறியை மண்சட்டிக்கு மாற்றி, அடியில் ஒரு தட்டையான இரும்புத் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் ஏற்றினேன். சூடு பரவலாகி, குமிழி அடங்கியது. சட்டியின் அடியில் வெங்காயத்தாளை நீளமாக வெட்டிப் பரப்பிவிட்டு அதன்மேல் கறியை அடுக்கினால் தோல் அடியில் ஒட்டாது. முதல் அரைமணி தோல் கீழே, அப்புறம் திருப்பி தோல் மேலே.

75 நிமிடத்தில் சாப்ஸ்டிக்கால் குத்தினால் தோல் இன்னும் தடுக்கும். 90 நிமிடத்தை ஒட்டி எதிர்ப்பே இல்லாமல் இறங்கும், ஆனால் துண்டு உருவம் மாறாமல் இருக்கும். எனக்கு அந்தப் பதம்தான் வேண்டும். இரண்டு மணி நேரம் போனால் கரண்டி பட்டாலே கலைகிறது. பல் இல்லாத பெரியவர்களுக்கு அதுவே நல்லது.

குக்கரில் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வைத்துப் பார்த்தேன். விசில் வந்தபின் 20 நிமிடம் சிறுதீ, ஆவி தானாக அடங்கவிட்டால் தோல் மெத்தென்று வெந்துவிடுகிறது. ஆனால் கறிப் பகுதி சற்று நார் விடுகிறது, குழம்பு வற்றாமல் அப்படியே நிற்பதால் சுண்டவைக்க நேரம் கூடப் பிடிக்கிறது. வேலைநாள் சாயங்காலத்துக்குக் குக்கர் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையென்றால் மண்சட்டிதான்.

கடைசியில் சுண்டவைப்பது. மசாலாப் பொருட்களையும் வெங்காயத்தாளையும் பொறுக்கி எடுத்துவிட்டு, கறியையும் குழம்பையும் அகலமான சட்டிக்கு மாற்றித் தீயைக் கூட்ட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் துண்டு உடையும், சட்டியையே பிடித்துச் சுழற்ற வேண்டும். சின்னச் சின்ன நுரையாகக் கொதித்துக்கொண்டிருந்தது கெட்டியாகி, குமிழிகள் பெரிதாகி மெதுவாக உடையத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். இறக்கியபின்னும் ஜெலட்டின் இறுகும். உப்பை இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும், முன்பே சரியாக இருந்தால் சுண்டியபின் கரித்துவிடும்.

வெள்ளைச் சோறு, வேகவைத்த கீரை, கறி. கொழுப்பு வாயில் வைத்ததும் கரைகிறது, பிசுபிசுப்பு இல்லை. எங்கள் அம்மா கொழுப்புத் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துச் சாப்பிடுகிறவர். இதில் ஒதுக்கவில்லை.

முந்தைய நாளே வேகவைத்துச் சுண்டவைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும். வேண்டிய அளவு அள்ளிவிட்டுப் பிறகு சுண்டவைக்கலாம். கறிக்குள் சாறும் நன்றாக இறங்கியிருக்கும். நான் பாதியை எடுக்கிறேன், முழுவதும் எடுத்தால் குழம்பு வெறுமையாகிவிடுகிறது.

ஆன்ட்டி வீட்டு டாவ் யூ பாக்கில் கற்கண்டு நிறமெடுப்பதெல்லாம் இல்லை. முழுப் பூண்டு ஒன்றைத் தோலோடு போடுகிறார், வெள்ளை மிளகு, சிங்கப்பூர் டார்க் சோயா. கடைசி அரைமணியில் அவித்த முட்டையும் பொரித்த டோஃபுவும் சேர்கின்றன. குழம்பு தண்ணியாக, சோற்றில் பிசைந்து சாப்பிடும்படி. தமிழ் நாக்குக்கு ஹொங் ஷாவ் ரோவைவிட இது சீக்கிரம் பழகும் என்று நினைக்கிறேன், குழம்பு இருப்பதால்.

இருமுறை சமைத்த கறி

சிச்சுவானின் ஹுய் குவோ ரோ முற்றிலும் வேறு குணம். முதலில் வேகவைத்து, ஆறவைத்து, மெல்லிசாகச் சீவி, மறுபடி சட்டியில் வதக்குவது. இதற்குப் பின்னங்கால் தொடையின் மேல்பகுதியைத் தோலும் கொழுப்புமாக எடுப்பதுதான் அங்கத்து வழக்கம். வயிற்றுப் பகுதியிலும் நன்றாக வரும்.

அரைக் கிலோ துண்டை இஞ்சி, வெங்காயத்தாள், சில சிச்சுவான் மிளகோடு முழுசாக வேகவைத்தேன், 25 நிமிடம். குத்தினால் இரத்தம் வரக் கூடாது, ஆனால் மெத்தென்று வெந்துவிடவும் கூடாது. சூட்டோடு வெட்டினால் அடுக்குகள் வழுக்கிக்கொண்டு பிரியும். உறைபெட்டியில் அரைமணி வைத்து இறுகிய பிறகு வெட்டினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தோல் முதல் கறி வரை ஒரே பட்டையாக வரும்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அந்தப் பட்டைகளை நடுத்தரத் தீயில் வதக்க வேண்டும். கொழுப்பு உருக உருக ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து ஓரம் தூக்கி அகல்விளக்காக வளையும். சிச்சுவான் சமையல்காரர்களும் இந்த வளைவை விளக்குக் கிண்ணம் என்றுதான் சொல்கிறார்கள். வளையவில்லை என்றால் துண்டு தடிமன், அல்லது முதல் வேக்காடு அதிகம். வளைந்ததும் கறியை ஒரு பக்கம் ஒதுக்கி, உருகிய கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி தோபான்ஜியாங் போட்டுத் தீயைக் குறைத்து வதக்கினால் எண்ணெய் சிவப்பாகப் பிரியும். அதுவரை பொறுக்க வேண்டும். மிளகாய்த்தூளை எண்ணெயில் பிரியவிடும் பழக்கம் நமக்கு உண்டு, அதே பொறுமை.

தோபான்ஜியாங் என்பது அகன்ற மொச்சை வகை அவரையையும் சிவப்பு மிளகாயையும் உப்போடு சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. செங்டு நகரை ஒட்டிய பிஷியனில் செய்வது பேர்போனது. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஊறியது கருஞ்சிவப்பாக, வாசனை ஆழமாக இருக்கும். மிளகாய் சீனாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து. நமக்கும் போர்த்துக்கீசியர் வழியாக அதே நூற்றாண்டில் வந்த பொருள். அதைப் புளிக்கவைத்து மொச்சையோடு சேர்த்து ஒரு மாநிலத்தின் சமையலையே அதன்மேல் கட்டியிருக்கிறார்கள்.

விழுதில் உப்பு அதிகம், தனியாக உப்பு வேண்டாம். ஒரு தேக்கரண்டி இனிப்பு மாவு சாஸ், ஒரு தேக்கரண்டி புளித்த கறுப்புச் சோயா அவரை, ஒரு சிட்டிகை சர்க்கரை. கடைசியில் பூண்டுத்தாளைச் சாய்வாக வெட்டிப் போட்டு, தண்டு லேசாக வதங்கியதும் இறக்க வேண்டும். பூண்டுத்தாள் இல்லாவிட்டால் லீக்ஸ். அதுவும் இல்லையென்றால் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியோடு முட்டைக்கோஸ். குடைமிளகாயும் போடுகிறார்கள், எனக்கு அதன் தண்ணீர் பிடிக்கவில்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் வெள்ளை முள்ளங்கி வெட்டிப் போட்டுச் சூப் வைத்துவிட்டால் ஒரே கறியில் முழுச் சாப்பாடு முடிந்தது. மூன்றிலும் எனக்கு மிகப் பிடித்தது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

சார் சியூ

தென்சீனக் கான்டனீயர்களின் சுட்ட கறியான சார் சியூவை ஓவனில் செய்தேன். கழுத்துப் பகுதிக் கறி, நீளப் பட்டைகளாக வெட்டி, ஹோய்சின் சாஸ், லைட் சோயா, சர்க்கரை, ஐந்து மசாலாத் தூள், சிவப்பு டோஃபு புளிப்புக்கட்டி ஒன்று, மது. ஓர் இரவு ஊற வேண்டும். 200 டிகிரியில் கம்பித்தட்டின்மேல், கீழே தண்ணீர் ஊற்றிய தட்டு. வடியும் சாறு தட்டில் கருகிப் புகையாமல் இருக்க அந்தத் தண்ணீர். மால்டோஸ் அல்லது தேனைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் பூச வேண்டும், முன்பே பூசினால் கறி வேகும் முன் கருகும். ஓரங்கள் அங்கங்கே கறுக்க வேண்டும், அந்தக் கறுப்பில்தான் ருசி. நன்றாகவே வந்தது. ஆனாலும் கறியைத் தொங்கவிட்டுச் சுற்றிலும் அனல் படச் சுடும் கடை அடுப்பின் வேலையை வீட்டு ஓவன் செய்துவிடாது. சார் சியூவுக்கு நான் கடைக்கே போவேன்.

ஜாடியில் ஊற்றிவைத்த கொழுப்புக்கு வருகிறேன். வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய்போல் உறைந்து பல வாரம் இருக்கும். காங்கோங் கீரை வதக்க இதைவிட நல்ல எண்ணெய் கிடையாது. ஒரு தேக்கரண்டி கொழுப்பு, நசுக்கிய பூண்டு மூன்று பல், தீ முழுசாக. தண்டு முதலில், இலை பிறகு, உப்பு, ஒரே நிமிடம். பச்சை நிறம் மாறுவதற்குள் தட்டில் கொட்டிவிட வேண்டும்.